தட்டில் வளர்ந்தது

அத்தியாயம் பதினொன்று

மார்கழிப் பனிக்கு வில்லாபுரமே இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது. ஒச்சம்மாளுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய பச்சைப் புட்டியைக் காணவில்லை. அஞ்சறைப் பெட்டியை நகர்த்திப் பார்த்தாள். அரிசி டின்னுக்குப் பின்னால் வலது கையை விட்டுத் துழாவினாள். கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்.

"இந்தாங்க, என் புட்டிய எங்க வச்சீங்க?"

புருஷன் கண்ணுச்சாமி குழாயடியில் குத்தவைத்துப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"உன் புட்டிய நான் எதுக்குடி தொடுறேன்? நான் புட்டி வச்சிருந்த காலத்துல நீ ஒளிச்ச. இப்ப நீ புட்டி வச்சிருக்க காலத்துல நான் ஒளிக்கணுமாக்கும்?"

"வெளையாடாதீங்க. நேரமாச்சு."

"புல்லுதானே அது? கப்பலூர் ரோட்டோரம் அம்புட்டும் புல்லுத்தான். சாயங்காலம் ரெண்டு பிடி பிடுங்கியாரேன். தவிட்டக் கலந்து வச்சா நல்லா மேய்வ."

ஒச்சம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டாள். சூடு வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் ஏறி, முகத்தில் வந்து நின்றது. ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றவள், பிறகு தூக்குவாளியில் சோற்றை அமுக்கி மூடினாள்.

உள்ளறையில் மகள் சரண்யாதேவி அசையாமல் நின்றாள். புட்டி அவளுடைய கைப்பையில் இருந்தது. மூச்சு விட்டால்கூட உள்ளே மாத்திரைகள் குலுங்கிச் சத்தம் போட்டுவிடுமோ என்று பயந்தாள்.

அந்தப் புட்டியை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒச்சம்மாளின் இடது மார்பைப் புற்றுக்காக எடுத்துவிட்டார்கள். மேலும் ஐந்து வருஷம் விடாமல் விழுங்கச் சொல்லி ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். ஊசி மருந்து ஏறிய வருஷத்திலேயே தீட்டு நின்றுபோனது. அன்று பிடித்தது இந்த எரிச்சல். கப்பலூர் கம்பெனியில் கொதிக்கிற ரப்பர் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்று வேலை பார்க்கிறவளுக்கு உடம்புக்குள்ளும் ஒரு பிரஸ் ஓடினால் எப்படி இருக்கும்? ஒருநாள் வேலையிலேயே மயங்கி விழுந்தாள். "முடியலேன்னா வீட்டுல இருந்துக்கம்மா" என்று சூப்பர்வைசர் சொன்னார். அவர் சொன்னது அக்கறையா மிரட்டலா என்று கேட்க அங்கே யாருக்கும் வாயில்லை.

சரண்யாவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். விநாயகர் சதுர்த்தி கழிந்து, வீடு வீடாக விற்க வந்த ஒரு பெண்ணிடம் 'மாதுளிர்' என்று பெயர் போட்ட பச்சைப் புட்டியை வாங்கினாள். சோயாவும் ஏதோ சீமைத் தீவனப்புல்லும் சேர்த்த சத்து. முழுக்க முழுக்கச் செடி, கெடுதல் கிடையாது என்று மேலேயே எழுதியிருந்தது. பத்து நாளில் எரிச்சல் பாதியானது. ஒச்சம்மாள் பழையபடி பிரஸ் முன்னால் நின்றாள்.

அந்த மாத்திரைக்கு ஒச்சம்மாளிடம் ஒரு கணக்கு இருந்தது. வெள்ளை மாத்திரை சூடு, பச்சைப் புட்டி குளிர்ச்சி. எள்ளுருண்டை தின்றால் மோர் குடிப்பதில்லையா? அதைப்போல இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு ஒரே மடக்கில் விழுங்கினாள். மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போது நர்ஸ் கேட்பாள், "வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?" ஒச்சம்மாள் கூசாமல் சொல்வாள், "ஒண்ணுமில்ல தாயி." பொய் சொல்வதாக அவள் நினைக்கவில்லை. செடியை எவளாவது மருந்து என்பாளா?

சரண்யாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். போன வாரம் ஆய்வுக்கூடத்து அலமாரியில் சோதனைக்கு வந்திருந்த புட்டிகளுக்கு நடுவே அதே பச்சைப் புட்டியையும், அதன் சாறு விட்ட சோதனைத் தட்டில் என்ன வளர்ந்திருந்தது என்பதையும் பார்க்கிறவரைக்கும்.

"பாப்பா, நீ பாத்தியா என் புட்டிய?"

"இல்லம்மா."

சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் துணி எடுக்கப் பின்பக்கம் போனாள். கொடியில் அம்மாவின் ரவிக்கைகளுக்கு நடுவே அந்தச் சின்னப் பை தொங்கியது. எடுத்த மார்புக்குப் பதிலாக ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள ஒச்சம்மாளே தைத்த பை. உள்ளே கேழ்வரகு. பஞ்சு வைத்தால் கனமில்லாமல் தோள் ஒரு பக்கம் இழுக்கிறது என்று கேழ்வரகுக்கு மாறியிருந்தாள். அவசரத்தில் தானியத்தைக் கொட்டாமலே பையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள் போல. பனியும் ஈரமும் சேர்ந்து, துணியின் இழைக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

சரண்யா பையை அவிழ்த்துச் சாக்கடையில் உதறினாள். முளைவிட்ட மணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்தாக விழுந்தன.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கை முதுகுக்கு எட்டாததால், வேலை முடிந்து வந்ததும் ரப்பர்க் கரி போக முதுகு தேய்த்துவிட அம்மா தினமும் அவளைக் கூப்பிடுவாள். கொஞ்ச நாளாகக் கூப்பிடவே இல்லை.

●

திருநகரைத் தாண்டி இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டி உண்டு. இரவும் பகலும் மனித உடம்பின் சூட்டிலேயே இருக்கும். அதற்குள் தட்டுத் தட்டாகப் புற்றுச் செல்கள் வளர்ந்தன. சரண்யா பிறப்பதற்கு முன்னால் எங்கோ ஒரு தேசத்தில் மார்புப் புற்றால் செத்துப்போன ஒருத்தியின் உடம்பிலிருந்து எடுத்தவை. அவள் போய்விட்டாள். அவளைக் கொன்றது மட்டும் ஊர் ஊராகப் போய், மதுரைக்கும் வந்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருந்தது. அதற்குச் சாப்பாடு போடுவதுதான் சரண்யாவின் வேலை.

இன்று செல்களை மூன்றாம் தடவை எண்ணவேண்டிய நாள். முதல் இரண்டு தடவையும் தான் எங்கேயோ தப்புச் செய்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமியில்லை. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்திருந்தாள்.

நீலச் சாயம் விட்டாள். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகும். உயிருள்ளது பளிச்சென்று அப்படியே இருக்கும்.

முதல் தட்டில் ஒன்றும் சேர்க்கவில்லை. செல்கள் தம்பாட்டுக்கு வளர்ந்திருந்தன.

இரண்டாம் தட்டில் அம்மா விழுங்குகிற அதே வெள்ளை மாத்திரையின் மருந்து. செல்கள் குறைந்து, ஆளில்லாத சந்தைபோலக் கிடந்தது.

மூன்றாம் தட்டில் அந்த மருந்தோடு பச்சைப் புட்டி மாத்திரையைக் கரைத்த சாறு.

சரண்யா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு, பளிச்சுப் பளிச்சென்று. மருந்தே விடாத தட்டுமாதிரி.

"என்ன, அதேதானா?"

பின்னால் அலர்மேல்மங்கை நின்றார். ஆய்வுக்கூடத்தின் தலைமை விஞ்ஞானி. பழங்காநத்தத்துக்காரர். வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிர பாஷையில் கொஞ்சுவார், வைத்ததும் தமிழில் அதட்டுவார்.

"அதேதான் மேடம்." சரண்யா சாயக் குப்பியை மூடிவைத்தாள். "மேடம், ஒரு சந்தேகம். ஒரு பொம்பள... மார்ப்புத்து ஆப்பரேசன் பண்ணவங்க... இந்த ரெண்டையும் சேத்துச் சாப்பிட்டா?"

"யாரு?"

"எங்க பக்கத்து வீட்டம்மா."

அலர்மேல்மங்கை நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பக்கத்து வீட்டுக்காரிக்காக எவளும் ஒவ்வொண்ணையும் இப்படி ரெண்டு ரெண்டு தடவ சரிபாக்க மாட்டா. அம்மாவா?"

சரண்யா கைப்பையைத் திறந்து பச்சைப் புட்டியை மேசைமேல் வைத்தாள். அது பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

"நீ வாங்கிக் குடுத்தியா?"

"ஆமா மேடம்."

அவர் வாய்க்குள் வீட்டுப் பாஷையில் ஏதோ முனகினார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார்.

"இங்க பாரு. தட்டுங்கிறது உடம்பு இல்ல. உடம்புல குடல் இருக்கு, ஈரல் இருக்கு. முழுங்குறது எல்லாம் அப்படியே போய்ச் செல்லுல ஊத்திராது. இதே சாற நிறைய ஊத்துனா செல் சாகுது, கொஞ்சமா ஊத்துனா வளருது. ஏன்னு நமக்கே இன்னும் முழுசா பிடிபடல. இத வச்சு உங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. புரியுதா?"

"ரெண்டு போடச் சொல்லிருக்கு மேடம். எங்கம்மா சீக்கிரம் தீந்துரும்னு ஒண்ணுதான் முழுங்குறாங்க."

அலர்மேல்மங்கை புட்டியை எடுத்து, மிச்சமிருந்த மாத்திரைகளைக் கண்ணால் எண்ணினார்.

"மொதல்ல இத நிறுத்தச் சொல்லு. வெள்ள மாத்திரைய நிறுத்திரக் கூடாது, அது முக்கியம். அடுத்த செக்கப் எப்ப?"

"பொங்கல் கழிச்சு."

"அதுவரைக்கும் காத்திருக்காத. நாளைக்கே கூட்டிட்டுப் போ. என்ன சாப்பிட்டாங்க, எம்புட்டு நாளாச் சாப்பிட்டாங்கன்னு ஒண்ணுவிடாமச் சொல்லு. மறைச்சா டாக்டர் குருட்டாம்போக்குலதான் வைத்தியம் பாக்கணும்."

"எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது மேடம்?"

"எங்கிட்டச் சொன்னமாதிரி பக்கத்து வீட்டுக் கதையா மட்டும் சொல்லாத. கெளம்பு. அரை நாள் லீவு நான் போட்டுக்கிறேன்."

●

கப்பலூரில் அந்நேரம் பிரஸ் தன் வாயைத் திறந்து ரப்பர் வாஷர்களைத் துப்பியது. சுடச்சுட எடுத்து, ஓரத்துப் பிசிறைக் கத்தரியால் வெட்டிப் பெட்டியில் போடவேண்டும். ஒச்சம்மாள் வெட்டிக்கொண்டிருந்தாள். வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. துடைத்தால் கையிலிருக்கிற கரி முகத்தில் அப்பும். துடைக்காவிட்டால் கண் தெரியாது.

"ஏய் ஒச்சு, ரேசன் கடை மண்ணெண்ணெ டின்னு மாதிரி ஒழுகுற?" என்றாள் எதிர் மேசை சீனியம்மாள்.

"இன்னைக்கு மாத்திர போடல. புட்டியக் காணோம்."

"அட கூறுகெட்டவளே, எங்கிட்டக் கேக்க வேண்டியதுதானே? நீ காட்டிக் குடுத்ததுதானே எனக்கும்." சீனியம்மாள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து இரண்டை எடுத்து நீட்டினாள். "இந்தா. ஒண்ணு போட்டா ஒங் கொதிப்புக்கு ஒறைக்காது. ரெண்டாப் போடு."

ஒச்சம்மாள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். செம்பை மேலே இருந்த பலகையில் வைக்க வலது கையைத்தான் தூக்கினாள். இடது கை விலாவோடு ஒட்டியே இருந்தது.

"அந்தக் கைக்கு என்ன கேடு? கோழி ரெக்கைய மடக்குன மாதிரி மடக்கியே வச்சிருக்க?"

"சுளுக்கு."

"சுளுக்குன்னா எண்ணெ போட்டு நீவுற சின்னக்கருப்பன்கிட்ட ஒரு இழுப்பு இழுத்துக்க வேண்டியதுதானே?"

"அவன் இழுத்தா கை அவன் வீட்டுக்குப் போயிரும். வேலையப் பாருடி, சூப்பர்வைசர் வாரான்."

சீனியம்மாள் சிரித்தாள். ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. அடுத்த வாஷரை எடுத்துப் பிசிறை வெட்டினாள். வெட்ட வெட்ட, பிரஸ் துப்பிக்கொண்டே இருந்தது.

●

கண்ணுச்சாமி நாலு கம்பெனி தள்ளி லோடு ஏற்றுகிறவர். லாரி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், மகள் நெடுஞ்சாலையைக் கடந்து வருவதைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். வேலை நேரத்தில் அவள் வருகிறாள் என்றால் நல்ல சேதியாக இருக்காது. அவருடைய வாழ்க்கையில் நல்ல சேதி எதுவும் நடந்து வந்ததில்லை.

"என்ன பாப்பா? அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. இப்படி வாங்க."

லோடுமேன்கள் காதில் விழாத தூரத்துக்குப் போனதும் புட்டியை எடுத்துக் காட்டினாள். தட்டில் பார்த்ததைச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை.

"செடிதானே தாயி? செடி என்ன செஞ்சிரும்?"

"அரளியும் செடிதாம்பா."

சரண்யா யோசித்துப் பார்த்துச் சொன்னாள்.

"பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டுப் பிடிப்பீங்கல்ல? அம்மா ஒடம்புல ஒரு சரக்கு ஊறுதுப்பா. அது போய் உக்காந்தா அந்தப் புத்து வளரும். அது உக்காந்துறக் கூடாதுன்னு வெள்ள மாத்திர போய்த் துண்டு போட்டு வைக்குது. இந்தப் புட்டில இருக்கது அந்தச் சரக்கு மாதிரியே இருக்கும். துண்டத் தள்ளிவிட்டுட்டு இது உக்காந்துருதோன்னு பயமாருக்கு."

"உக்காந்துருச்சா?"

"தட்டுல உக்காந்துருச்சு. அம்மா ஒடம்புல என்னன்னு தெரியல."

கண்ணுச்சாமி புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் அவருக்குப் படிப்பு. மேலே வரைந்திருந்த கொடியையும் பூவையும் கட்டைவிரலால் தடவினார்.

"துண்டு போட்ட சீட்டுல ஒருத்தன் உக்காந்துட்டான்னா, அவன எந்திரிக்க வைக்கிறது லேசுப்பட்ட காரியமா?" என்றார் தனக்குத்தானே.

"எல்லாம் என்னாலதாம்பா. படிச்சிருக்கேன்னு பேரு. நான் ஒரு வார்த்த டாக்டர்கிட்டக் கேட்ருக்கலாம்."

"கேட்ருக்கலாம்தான்," என்றார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன். உங்கம்மா கொஞ்ச நாளா இடது பக்கம் படுக்கிறதில்ல. வலது பக்கமாவே ஒருக்களிச்சுக் கெடக்கா. பொரண்டு படுத்தா 'ஸ்'ஸுங்கிறா."

சரண்யா புட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நீங்க என்னன்னு கேக்கலையா?"

"கேக்கல."

"ஏம்பா?"

"கேட்டா சொல்லிருவாளேன்னுதான்."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் நகரவில்லை. இருபது வருஷமாக மூட்டை தூக்கிய தோள் இரண்டும் இறங்கிப்போய் நின்றன.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு இருவரும் ஒச்சம்மாளின் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றார்கள். கேட்டைத் தாண்டிக் கரி பூசிய பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். ஒச்சம்மாள் கடைசியாக வந்தாள். புருஷனும் மகளும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தாள். அவள் பார்வை மகளின் கைக்குப் போனது. பச்சைப் புட்டி அங்கே இருந்தது.

"ஓகோ, திருடி வீட்டுக்குள்ளதான் இருந்தாளாக்கும்?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. டவுன் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, வில்லாபுரம் வரும்வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

●

வீட்டுக்கு வந்ததும் சரண்யா எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கதையாகச் சொல்லவில்லை. தட்டு, மருந்து, சாறு, வளர்ந்தது, தான் வாங்கிக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னாள். அழக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள் பாதியில் அழுதாள்.

ஒச்சம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். முகத்தில் கரி அப்படியே இருந்தது.

"அந்தச் செல்லுக்காரி யாரு?"

"எந்தச் செல்லும்மா?"

"தட்டுல வச்சிருக்கீங்களே, அவ. புள்ளைக இருந்துச்சா அவளுக்கு?"

"தெரியலம்மா."

"பாவம்," என்றாள் ஒச்சம்மாள். "சீனியம்மாகிட்டயும் போடாதன்னு சொல்லணும். அவளுக்கு நாந்தான் காட்டிக் குடுத்தேன்."

பிறகு கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு குளியல் மறைப்புக்குப் போனாள். செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. நின்றது.

"பாப்பா."

"என்னம்மா?"

"வந்து முதுகு தேச்சு விடு."

எத்தனையோ நாள் கழித்து வந்த அழைப்பு. சரண்யாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். போ என்று கண்ணால் சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை.

தகர மறைப்புக்குள் சாயங்கால வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒச்சம்மாள் பாவாடையை மாரளவு ஏற்றிக் கட்டி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சரண்யா சோப்பைக் குழைத்துத் தேய்த்தாள். கரி கறுப்பு நுரையாக வழிந்தது.

ஒச்சம்மாள் மெதுவாக இடது கையை உயர்த்தினாள். பாதி உயர்ந்ததும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். மகளின் சோப்புக் கையைப் பிடித்து இழுத்துத் தன் அக்குளுக்குள் வைத்து அழுத்தினாள்.

"இந்தா. இங்க."

சுண்டைக்காய் அளவு இருந்தது. சரண்யாவின் விரல் அதன்மேல் நின்றுவிட்டது.

"எப்ப இருந்தும்மா?"

"ரொம்ப நாளா."

"எப்ப இருந்து?"

"நீ அந்தப் புட்டி வாங்கிக் குடுக்குறதுக்கு முன்னாடி இருந்தே இருக்கு. போதுமா? நாந்தான் சொல்லல. இது உன் செடியால வந்ததில்ல. மனசுல போட்டுக் கொழப்பிக்காத."

ஆடி மாதத்துச் செக்கப்புக்கு அம்மாவோடு போனது சரண்யாதான். டாக்டர் இதே இடத்தில் விரலை வைத்துச் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தார். சுத்தமா இருக்கும்மா என்றார். அம்மா வெளியே வந்து மல்லிகைப்பூ வாங்கித் தலை கொள்ளாமல் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தெரியாதவர்களிடம்கூடச் சிரித்தாள். புட்டி வாங்கியது அதற்கப்புறம்.

"அம்மா, பொய் சொல்லாத."

"எது பொய்யி? என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?"

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி போறோம்."

"வாரேன். வரமாட்டேன்னா சொன்னேன்?" ஒச்சம்மாள் திரும்பினாள். கரி வழிந்த முகத்தில் கண் இரண்டும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. பயம் அந்தக் கண்களில் இருந்தது. ஆனால் அது தனக்கான பயமாகத் தெரியவில்லை. "ஒரே ஒரு கண்டிசன். டாக்டர்கிட்ட அந்தப் புட்டிய பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது."

"ஏம்மா? அதச் சொல்லத்தானே போறோம்!"

"நாளப்பின்ன எனக்கு ஒண்ணுன்னா, பெத்தவளுக்குப் பெத்த மக குடுத்ததுன்னு ஆஸ்பத்திரி சீட்டுல எழுதுவாங்க. உங்கப்பன் படிக்காட்டியும் ஊரு படிக்கும். நீ நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போற புள்ள. சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"சொல்லலேன்னா டாக்டருக்கு எப்படிம்மா தெரியும்? சரியான வைத்தியம் எப்படிப் பாப்பாரு?"

"சத்தியம் பண்ணாத்தான் வாரேன். இல்லேன்னா காலையில நான் வேலைக்குப் போறேன்."

வாசலிலிருந்து கண்ணுச்சாமியின் குரல் வந்தது. "என்னடி, உள்ள சத்தத்தையே காணோம்?"

"சோப்பு கண்ணுல பட்டுருச்சு!" என்று கத்தினாள் ஒச்சம்மாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. மகளின் வலது கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சரண்யாவின் இடது கை இன்னும் அம்மாவின் அக்குளிலேயே இருந்தது. நல்ல கட்டியானால் விரலுக்கு அடியில் நழுவும் என்று படித்திருக்கிறாள். நழுவும், நழுவிவிடும் என்று சோப்பு வழுக்கலோடு அதை ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள்.

நழுவவில்லை.

மறுபக்கமாகத் தள்ளினாள்.

"சத்தியம் பண்ணு பாப்பா," என்றாள் அம்மா.